தூய பியூட்டேன் வாயு: அதன் இயல்பும் தொழிற் பயனும்

தூய்மை என்பது எக்காலத்தும் எவ்விடத்தும் நன்மையே பயப்பது என்று நாம் எண்ணுகின்றோம். தூய நீர், தூய காற்று, தூய பொன் என்னும் வழக்குகள் யாவும் அவ்வெண்ணத்தின் வழி வந்தனவே. ஆயின், ஒரு பொருளைப் பெருஞ்செலவில் தூய்மை செய்யும் தொழிற்சாலை ஒருபுறம் இருக்க, அதே பொருளில் தீநாற்றம் உடையதொன்றை வேண்டுமென்றே கலக்கும் தொழிற்சாலை மற்றொருபுறம் இருப்பது வியப்பன்றோ?

நம் இல்லத்து அடுக்களையில் எரியும் வாயுவிற்கும், அவ்வடுக்களையின் மூலையில் நிற்கும் குளிர்ப்பெட்டியின் குழாய்களுட் சுழலும் வாயுவிற்கும் நெருங்கிய உறவு உண்டு. முன்னதில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்துள்ளன; அவற்றோடு கந்தகம் அடங்கிய நாற்றப் பொருளும் சிறிது சேர்க்கப்பட்டுள்ளது. பின்னதோ, இக்காலத்துக் குளிர்ப்பெட்டிகள் பலவற்றில், பியூட்டேன் இனத்தைச் சேர்ந்த ஒரே வாயுவாகும், அதில் நாற்றமும் இல்லை, ஈரமும் இல்லை. ஒன்றைக் கலந்தும் மற்றொன்றைத் தூய்மை செய்தும் மனிதன் பயன் கொள்வதன் காரணம் யாது? தூய்மையால் அவன் பெறுவது யாது? இழப்பது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் பயில்வான் ஒருவன் இரசாயன நூலார் எல்லையுட் புகுதல் தகுமோ என வினவுவாரும் உளராவர். அடுப்பும் தீயும் அனைவர்க்கும் பொதுவாதலின், அவற்றைப் பற்றிய அறிவும் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பதே யாம் கூறும் விடை.

1. பெயரும் வரலாறும்

பியூட்டேன் என்னும் பெயர் வெண்ணெயினின்று பிறந்தது. கிரேக்க மொழியில் 'பூட்டூரோன்' என்பது வெண்ணெயைக் குறிக்கும்; பசு என்றும் பாற்கட்டி என்றும் பொருள்படும் இரு சொற்கள் கூடி அஃது அமைந்தது என்பர். அச்சொல்லே இலத்தீனில் 'பூட்டீரும்' என வழங்கிற்று. கெட்டுப்போன வெண்ணெயிற் காணப்படும் தீநாற்றத்திற்குக் காரணமான அமிலத்தைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரேல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். அது பியூட்டிரிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு கார்பன் அணுக்கள் உள. ஆதலின், நான்கு கார்பன் அணுக்களையுடைய பிற பொருள்களுக்கும் அப்பெயரின் முற்பகுதியே அடையாளமாயிற்று. நாற்றம் மிக்க பொருளிடமிருந்து பெயரை இரவல் பெற்ற இவ்வாயு, தான் தூய்மையாய் இருக்கும்போது ஏறக்குறைய நாற்றமே இல்லாதது என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

1849ஆம் ஆண்டில் எட்வர்டு பிராங்க்லண்டு என்னும் ஆங்கில அறிஞர், எதில் அயோடைடு என்னும் பொருளைத் துத்தநாகத்தோடு மூடிய கண்ணாடிக் குழாயிலிட்டு வெப்பமூட்டி ஒரு வாயுவைப் பெற்றார். எதில் என்னும் கூற்றைத் தனியே பிரித்துவிட்டதாக அவர் கருதினார். அவ்வெதில் கூறுகள் இவ்விரண்டாய் இணைந்தமையால் உண்டான பியூட்டேனே அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1864ஆம் ஆண்டில் எட்மண்டு ரொனால்ட்ஸ் என்பார் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவின் நிலத்தடி எண்ணெயில் இவ்வாயு கரைந்திருத்தலைக் கண்டு, அதன் இயல்புகளை எடுத்துரைத்தார். 1910ஆம் ஆண்டிற்குப் பின்னர் வால்ட்டர் ஸ்னெல்லிங் என்னும் அமெரிக்க இரசாயனி, பெட்ரோலினின்று வீணே ஆவியாய்ப் பறந்துபோகும் பகுதியில் புரொப்பேனும் பியூட்டேனும் உண்மையை ஆராய்ந்து, அவற்றைப் பிரித்துத் திரவமாக்கும் வழியையும் வகுத்தார். அன்று காற்றிற் கலந்து வீணானதே இன்று கோடிக்கணக்கான அடுப்புகளில் எரிகின்றது.

2. வாயுவின் இயல்புகள்

பியூட்டேன் மூலக்கூறு ஒன்றில் நான்கு கார்பன் அணுக்களும் பத்து ஹைட்ரஜன் அணுக்களும் உள. அது நிறமற்றது. வளிமண்டல அழுத்தத்தில் நேர் பியூட்டேன் கொதிக்கும் நிலை சென்டிகிரேடு அளவில் சுழிக்கு அரைப் பாகை கீழ். அஃதாவது, நீர் உறையும் நிலையை ஒட்டியதே. ஆகவே, நம் நாட்டு வெப்பத்தில் அது வாயுவாகவே இருக்கும். எனினும் சிறிது அழுத்தினால் திரவமாகிவிடும். 20 பாகையில் அதனைத் திரவமாக வைத்திருக்க வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு அழுத்தமே போதும். மீத்தேன் வாயு அத்தகையதன்று. சுழிக்குக் கீழ் 82 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினும் அது திரவமாவதில்லை. பியூட்டேனோ 152 பாகை வரையில் அழுத்தத்திற்குப் பணியும். மெல்லிய தகட்டாலும் பிளாஸ்டிக்காலும் ஆகிய சிகரெட் லைட்டர் பியூட்டேனைத் தாங்குவதன் காரணம் இதுவே.

திரவமாய் உள்ள ஒரு லிட்டர் பியூட்டேன் வெளிப்பட்டு வாயுவானால் ஏறக்குறைய 230 லிட்டர் இடத்தை நிரப்பும். சிறு கலத்திற் பெரும்பொருளை அடக்கலாம் என்பது இதன் பயன்; சிறு துளியின் ஒழுக்கும் பெரும்பரப்பில் விரியும் என்பது இதன் அச்சம். மேலும், பியூட்டேன் காற்றைப் போல் இருமடங்கு எடையுள்ளது. கசியும் வாயு மேலெழுந்து சாளரத்தின் வழியே போய்விடும் என்று நம்புதல் தவறு. அது நீரைப் போல் தாழ்ந்த இடத்தை நாடித் தரையிற் பரவும்; சாக்கடையிலும் குழியிலும் தேங்கும்; காற்றசைவு இல்லாத இடத்தில் நெடுநேரம் தங்கும்.

காற்றில் நூற்றுக்கு 1.8 பங்கு முதல் 8.4 பங்கு வரை பியூட்டேன் கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் அது பற்றி எரியும். அதனிற் குறைந்தால் எரிபொருள் போதாது. மிகுந்தால் பிராணவாயு போதாது. கீழெல்லை நூற்றுக்கு இரண்டிற்கும் குறைவாயிருத்தலே நாம் அஞ்சத்தக்கது. ஏனெனில், சிறிய கசிவே அவ்வெல்லையை எட்டிவிடும். முற்றும் எரிந்தால் கரியமிலவாயுவும் நீராவியுமே எஞ்சும். ஒரு கிலோகிராம் பியூட்டேன் எரிவதால் ஏறக்குறைய 11,800 கிலோ கலோரி வெப்பம் வெளிப்படும். சிறிதும் வீணாகாது எனக் கொண்டால், 25 பாகையிலுள்ள நீரில் 150 லிட்டருக்கு மேற்பட்டதனைக் கொதிநிலைக்குக் கொணர அவ்வெப்பம் போதும்.

3. எழுத்து ஒன்று, சொல் இரண்டு

மேலே நேர் பியூட்டேன் என்று குறித்தோம். அவ்வடைமொழிக்குக் காரணம் உண்டு. 'கதவு' என்னும் சொல்லின் எழுத்துக்களையே வேறு முறையில் நிறுத்தினால் 'தகவு' என்றாகும். எழுத்துக்கள் கூடவும் இல்லை; குறையவும் இல்லை. ஆயினும் முன்னது வாயிலை அடைப்பது. பின்னது பெரியோர்பால் விளங்குவது. அணுக்களின் உலகிலும் இவ்வாறே நிகழும். நான்கு கார்பன் அணுக்களும் ஒரு சங்கிலியாய்த் தொடர்ந்து நின்றால் அது நேர் பியூட்டேன். ஒன்று நடுவில் நிற்க, மற்றை மூன்றும் அதனைச் சூழ்ந்து பற்றினால் அது ஐசோபியூட்டேன். பின்னதன் அமைப்பை 1860ஆம் ஆண்டுகளில் உருசிய அறிஞர் பட்லரோவ் தம் ஆராய்ச்சியால் நிலைநாட்டினார்.

அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாயினும் இயல்பு வேறு. ஐசோபியூட்டேன் சுழிக்குக் கீழ் 11.7 பாகையிலேயே கொதிக்கும்; 20 பாகையில் அதன் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு. ஆகவே பனிமலை ஏறுவோர் நேர் பியூட்டேனைக் கொண்டு சென்றால், குளிர்மிக்க விடியற்காலையில் அது திரவமாகவே கிடந்து அடுப்பிற்கு வாராது. ஐசோபியூட்டேனோ அக்குளிரிலும் ஆவியாகும். ஒரு தொழிலுக்கு உகந்த பியூட்டேன் மற்றொரு தொழிலுக்குக் கலப்படமாய் முடியும் என்பதனை இதனால் உணர்க.

4. தூய்மை செய்தலும் தூய்மை அளத்தலும்

இயற்கை வாயுவினின்றும் கச்சா எண்ணெயினின்றும் பியூட்டேன் கிடைக்கின்றது. முதற்கண் அது புரொப்பேன், பென்டேன் முதலிய சுற்றத்தோடு கலந்தே வரும். உயர்ந்த இரும்புக் கோபுரங்களில் இக்கலவையைக் கொதிக்கச் செய்து, எளிதில் ஆவியாவது மேலேறவும் அரிதில் ஆவியாவது கீழிறங்கவும் விடுவர். இரு பியூட்டேன்களின் கொதிநிலைகளும் பதினொரு பாகையளவே வேறுபடுதலின், அவற்றைப் பிரித்தல் எளிதன்று. தட்டின்மேல் தட்டாய்ப் பல தட்டுகள் அடுக்கிய நெடுங்கோபுரத்தில், ஆவியாதலும் திரவமாதலும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்த பின்னரே அவை பிரியும். கந்தகப் பொருள்களைக் காரக் கரைசலாற் கழுவியும், ஈரத்தை நுண்துளைகள் நிறைந்த வடிகட்டும் பொருள்களால் உறிஞ்சியும், வேண்டாத பிற எண்ணெய் வாயுக்களை ஹைட்ரஜனோடு சேர்த்து மாற்றியும் மேலும் தூய்மை செய்வர்.

தூய்மையின் அளவை வாணிகத்திற் சுருக்கமாய்க் குறிக்கும் முறை ஒன்றுண்டு. 2.5 என்றால் இரண்டு ஒன்பதும் ஓர் ஐந்தும். அஃதாவது நூற்றுக்கு 99.5 பங்கு. 3.5 என்றால் மூன்று ஒன்பதும் ஓர் ஐந்தும், அஃதாவது 99.95 பங்கு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமை நூற்றில் அரைப் பங்கிற்கும் குறைவு. எனினும் அந்த அரைப் பங்கை நீக்குதற்கு ஆகும் உழைப்பு, முதல் தொண்ணூறு பங்கைப் பெறும் உழைப்பினும் நுண்ணியது.

கண்ணுக்குப் புலனாகாத வாயுவில் எஞ்சியுள்ள மாசைக் காண்பது எங்ஙனம்? 1952ஆம் ஆண்டில் ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் இருவர் வெளியிட்ட வாயுப்பகுப்பு முறை இதற்குத் துணையாயிற்று. நீண்ட மெல்லிய குழாயின் உட்புறத்தில் ஏற்றதொரு திரவத்தைத் தடவி, ஆராயவேண்டிய வாயுவை மற்றொரு வாயுவின் ஓட்டத்தோடு அதனுட் செலுத்துவர். திரவத்தில் மிகுதியாய்க் கரையும் பகுதி வழியில் தங்கித் தங்கி வரும். குறைவாய்க் கரைவது விரைந்து வெளிப்படும். திருவிழாவிற்கு ஒருங்கே புறப்பட்ட கூட்டத்தில், கடைதோறும் நிற்பாரும் நில்லாது நடப்பாரும் வேறுவேறு நேரத்தில் வந்து சேர்தலை இதற்கு ஒப்பாகக் கூறலாம். வந்து சேரும் நேரத்தால் இன்னது என்பதும், வரும் அளவால் இத்துணை என்பதும் விளங்கும்.

5. தொழிற் பயன்கள்

இனி, தூய பியூட்டேன் யாண்டுப் பயன்படுகின்றது என்பதனைக் காண்போம்.

முதலாவது, குளிர்ப்பெட்டி. திரவம் ஆவியாகுங்கால் சுற்றுப்புறத்தின் வெப்பத்தைக் கவரும் என்பது யாவரும் அறிந்ததே. கையில் இட்ட ஸ்பிரிட் குளிர்வதும் அதனாலேயே. குளிர்ப்பெட்டியின் உட்குழாயில் திரவம் ஆவியாகி உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்கின்றது; கம்ப்ரஸர் அவ்வாவியை அழுத்திப் பின்புறக் குழாய்க்கு அனுப்ப, ஆண்டு அது வெப்பத்தை வெளிவிட்டு மீண்டும் திரவமாகின்றது. 1930ஆம் ஆண்டளவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் இப்பணிக்கெனக் குளோரினும் புளோரினும் கலந்த வாயுக்களை உண்டாக்கினர். அவை எரியா, நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. ஆகவே உலகம் அவற்றை உவந்து ஏற்றது. ஆனால் அவை விண்ணில் உயர்ந்து சென்று, ஞாயிற்றின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று 1974ஆம் ஆண்டில் மொலினா, ரோலண்டு என்னும் அறிஞர் இருவர் எச்சரித்தனர். 1985ஆம் ஆண்டில் தென்துருவத்தின்மேல் அப்படலம் மெலிந்திருத்தல் வெளிப்பட்டது. 1987ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்து, அவ்வாயுக்களைப் படிப்படியாய்க் கைவிடத் துணிந்தன.

1992ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு டார்ட்மண்டு நகரத்து ஆராய்ச்சியாளரின் முயற்சியும், கிரீன்பீஸ் இயக்கத்தின் தூண்டுதலும், கிழக்குப் பகுதியில் மூடப்படும் நிலையிலிருந்த குளிர்ப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் துணிவும் ஒன்றுகூடின. அதன் பயனாய்ப் புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த வாயுவால் இயங்கும் குளிர்ப்பெட்டி தோன்றி, அடுத்த ஆண்டில் விற்பனைக்கும் வந்தது. பின்னர் ஐசோபியூட்டேன் ஒன்றே போதும் எனக் கண்டனர். அது ஓசோன் படலத்தைத் தீண்டாது. பழைய வாயு ஒன்று கரியமிலவாயுவைப் போல் ஏறக்குறையப் பதினாயிரம் மடங்கு உலகை வெப்பமூட்டவல்லது; ஐசோபியூட்டேனுக்கோ அவ்வெண் ஐந்தினும் குறைவு.

இப்பணிக்குத் தூய்மை ஏன் வேண்டும்? குளிர்ப்பெட்டியுள் திரவம் செல்லும் நுண்குழாயின் துளை ஒரு மில்லிமீட்டர் அளவினதே. சிறிதளவு ஈரமும் ஆண்டு உறைந்து வழியை அடைக்கும். கந்தகம் செப்புக் குழாயைக் கெடுக்கும். புரொப்பேன் மிகுந்தால் அழுத்தம் மிகும். இவ்வெல்லாக் குறைகளும் ஒருங்கே உடையது சமையல் வாயு. அடுப்பில் எரியும் வாயுவையே குளிர்ப்பெட்டியிலும் நிரப்பினால் என்ன என்று கேட்பாருக்கு இதுவே மறுமொழி.

இரண்டாவது, ஸ்ப்ரே டப்பா. நறுமணப் பூச்சு, சாயம், கொசு மருந்து முதலியவற்றை நுண்துளியாய்த் தெளிப்பது உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே. அமெரிக்க நாடு 1978ஆம் ஆண்டில் ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களை இப்பணியினின்று பெரும்பாலும் விலக்கியபின், பியூட்டேன் இனம் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. இவ்வணிகத்தில் நேர் பியூட்டேன் 'ஏ 17' எனவும், ஐசோபியூட்டேன் 'ஏ 31' எனவும் பெயர் பெறும். 70 பாரன்ஹீட் பாகையில் சதுர அங்குலத்திற்கு எத்தனைப் பவுண்டு அழுத்தம் என்பதே அவ்வெண். மல்லிகை மணம் வேண்டி வாங்கிய டப்பாவில் கந்தக நாற்றம் வீசினால் யார் வாங்குவர்? ஆதலின், நாற்றத்தின் சுவடும் இல்லாதவாறு தூய்மை செய்தல் இங்கு இன்றியமையாதது. சமையலெண்ணெயைத் தெளிக்கும் டப்பாவிலும் தூய பியூட்டேன் இடம்பெறுவதுண்டு; உணவுப் பொருள்களின் பட்டியலில் அதற்கு 'இ 943ஏ' என்னும் எண்ணும் உண்டு.

மூன்றாவது, நுரைப்பொருள். பழக்கடையில் ஆப்பிளுக்குப் போர்த்தியிருக்கும் மெல்லிய வெண்ணிற வலையைப் பலரும் கண்டிருப்பர். உருகிய பாலித்தீனில் அழுத்தத்தோடு பியூட்டேனைக் கரைத்து, திடீரென வெளியே விட்டால், வாயு குமிழ் குமிழாய் விரிந்து பாலித்தீனை நுரையாக்கும். புதிதாய்ச் செய்த நுரையினுள் வாயு தங்கியிருந்து மெல்லமெல்ல வெளிப்படுதலின், அதனைக் காற்றோட்டமுள்ள கூடத்தில் சில நாள் ஆறவிடுதல் வேண்டும்.

நான்காவது, இரசாயனத் தொழில். நேர் பியூட்டேனைக் காற்றோடு கலந்து, வனேடியமும் பாஸ்பரசும் சேர்ந்த ஊக்கியின்மேற் செலுத்தினால் மலேயிக் அன்ஹைட்ரைடு என்னும் பொருள் கிடைக்கும். முன்னர் அதனைப் பென்சீனினின்று செய்தனர். 1974ஆம் ஆண்டு முதற்கொண்டு பியூட்டேன் அவ்விடத்தைப் பெறலாயிற்று. நம் கடற்கரையில் மீனவர் செலுத்தும் 'பைபர்' படகுகளின் பிசினுக்கு மூலப்பொருள்களுள் ஒன்று இஃதே. இங்கு ஐசோபியூட்டேன் கலந்திருந்தால் அது வேண்டிய பொருளாய் மாறாது வீணாகும். ஐசோபியூட்டேனுக்கும் தனித் தொழில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்கு உயர்தரப் பெட்ரோல் செய்ய அது பெரிதும் உதவிற்று. அதனின்று பெறத்தக்க ஐசோபியூட்டிலீன் வண்டிச் சக்கரங்களின் உட்குழாய் ரப்பருக்கு மூலமாகின்றது.

ஐந்தாவது, அளவுகோல். வாணிகனது தராசு சரியா என்பதனை எடைக்கல்லால் அறிகின்றோம். எடைக்கல்லே குறைவாயின் தராசால் ஆவதென்? அவ்வாறே, வாயுக் கசிவை உணர்த்தும் கருவிகளையும், இயற்கை வாயுவின் வெப்பமதிப்பை அளக்கும் கருவிகளையும் சோதிக்க, அளவறிந்து கலந்த வாயு வேண்டும். அக்கலவைக்கு முதலாய் நிற்பது மிகத் தூய பியூட்டேன். இப்பயன் அளவிற் சிறிது. ஆனால் மற்றைப் பயன்கள் யாவற்றிற்கும் காவலாய் நிற்பது இதுவே.

6. நாற்றம் என்னும் காவலன்

நாற்றம் என்னும் சொல் பண்டு நறுமணத்தையே சிறப்பாய்க் குறித்தது. இக்காலத்து வழக்கில் இழிந்த மணத்தையே குறிக்கின்றது. இழிந்ததென நாம் முகஞ்சுளிக்கும் நாற்றமும் உயிர் காக்கும் என்பதனை உலகம் மிகக் கொடிய முறையில் கற்றது.

1937ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள், அமெரிக்க நாட்டு டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளியில் வாயுக் கசிவு நேர்ந்தது. அது பியூட்டேன் அன்று. வெப்பத்திற்காகப் பள்ளிக்குக் கொணர்ந்த இயற்கை வாயு. அதற்கு நாற்றம் இல்லை. ஆகவே, தளத்தின் அடியில் அது நிறைந்ததை மாணவரும் அறிந்திலர், ஆசிரியரும் அறிந்திலர். ஒரு பொறி பட்ட அளவில் கட்டடம் சிதறியது. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர்; அவருட் பெரும்பாலார் பிள்ளைகள். அதன் பின்னரே, எரிவாயுவில் நாற்றப் பொருள் கலத்தல் வேண்டும் எனச் சட்டம் இயற்றினர். பிற இடங்களும் அவ்வழியைப் பின்பற்றின. இன்று சமையல் வாயுவில் எதில் மெர்காப்டன் என்னும் கந்தகப் பொருளைச் சேர்க்கின்றனர். நூறு கோடிப் பங்கில் ஒரு சில பங்கு இருப்பினும் மூக்கு அதனை உணரும். காற்றிற் கலந்த வாயு தீப்பற்றும் கீழெல்லையில் ஐந்திலொரு பங்கை எட்டுமுன்னரே மணத்தால் அறியத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது விதி.

அடுக்களையில் மாசு எனப்படுவது உண்மையிற் காவலனே என்பது இதனால் தெளிவாகும். தூய பியூட்டேனைச் செய்வோர் இக்காவலனையே நீக்கிவிடுகின்றனர். தொழிலுக்கு அது வேண்டியதே. ஆயினும், காவலன் இல்லாத வீட்டில் வாழ்வோர் தாமே விழித்திருத்தல் கடன். தூய பியூட்டேன் பயன்படும் தொழிற்சாலையில் மூக்கின் வேலையைக் கருவி ஏற்கின்றது. வாயு கனமானதாதலின் அக்கருவியைத் தரையை ஒட்டி வைக்கின்றனர். காற்றுப்போக்கிகளையும் தாழ்வாகவே அமைக்கின்றனர். மின்பொறி எழாத சுவிட்சுகளையே பொருத்துகின்றனர்.

வீட்டுக் குளிர்ப்பெட்டியில் உள்ள வாயு பெரும்பாலும் 100 கிராமுக்கு உட்பட்டது, 14.2 கிலோகிராம் அடங்கிய சமையல் உருளையை நோக்க அது மிகச் சிறிது. பெட்டி மூடியிருக்கும்வரை அச்சம் அரிது. பழுது பார்க்கும் தொழிலாளியே உண்மையில் இடருக்கு உள்ளாவோன். எரியாத பழைய வாயுவோடு பழகிய கையினன், குழாயில் எஞ்சிய வாயுவை வெளியேற்றாது பற்றவைக்கும் சுடரைக் கொளுத்தினால் தீங்கு நேரும். அவன் மூக்கு அவனை எச்சரியாது. எழுதப் படிக்க அறிந்த நாம், பெட்டியின் பின்புறத்தில் 'ஆர் 600ஏ' என்னும் குறியும் முக்கோணத்துள் தீச்சுடர் வரைந்த அடையாளமும் உளவா எனக் கண்டு அவனுக்கு அறிவித்தலும், அவன் வேலை செய்யும் இடத்தில் கதவுகளைத் திறந்துவைத்தலும் சிறிய உதவிகளே. ஆயினும் ஓர் உயிரின் அளவு பெரியன.

மற்றொன்றும் கூறாது விடலாகாது. நம் வயதினர் சிலர் இவ்வாயுவை மயக்கம் வேண்டி முகரும் தீய வழக்கம் பல நாடுகளிற் காணப்படுகின்றது. பியூட்டேன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்து, முதல் முறையிலேயே உயிரைப் போக்கக்கூடும். லைட்டரில் நிரப்பும் பியூட்டேனைப் பதினெட்டு வயதிற்கு உட்பட்டார்க்கு விற்றலாகாது என இங்கிலாந்து 1999ஆம் ஆண்டில் விதித்தது இதனாலேயே. தூயது ஆதலின் தீங்கற்றது என்று யாரேனும் கூறின், அக்கூற்றை நம்பற்க. தூய்மை என்பது பிற பொருள் கலவாமையைக் குறிக்குமேயன்றி, உடம்பிற்கு நன்மை என்பதைக் குறியாது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பியூட்டேன் எளிதில் திரவமாவதும், விரைவில் விரிவதும், காற்றினும் கனமானதும், சிறிதளவிலேயே தீப்பற்றுவதுமான வாயு என்பதும், அதன் இருவகையும் வேறுவேறு தொழிலுக்கு உரியன என்பதும், தூய்மை மிகமிக அதன் பயன் நுண்ணிதாய் விரிகின்றது என்பதும் விளங்கும். அடுப்பிற்குக் கலப்பு நன்று. குளிர்ப்பெட்டிக்குத் தூய்மை நன்று. எனவே, இன்ன தொழிலுக்கு என்று கூறாமல் தூய்மையைப் புகழ்தல் பொருளற்றது.

ஒரு பொருளினின்று நாம் எதை நீக்கினோமோ, அது செய்துவந்த பணியை வேறொருவர் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். நாற்றத்தை நீக்கினால் கருவி ஏற்றல் வேண்டும். கருவி இல்லாத இடத்தில் அறிவுடைய மனிதன் ஏற்றல் வேண்டும். விஞ்ஞான மாணவர் வாயுவைத் தூய்மை செய்யும் வழியைக் கற்பர். ஏனைய மாணவராகிய நாம் அவ்வறிவை எளிய தமிழில், பழுது பார்ப்பவனுக்கும் கடைக்காரனுக்கும் அடுக்களையில் நிற்கும் அன்னைக்கும் விளங்குமாறு எடுத்துச் சொல்வோமாக. வாயு தானே எச்சரியாத இடத்தில், எச்சரிக்க வேண்டியது மொழியே.